மேசைமேல் வெறும் சட்டி

லாரல் ஃபோர்க், கென்டக்கி
ஆகஸ்ட் 22, 2004

அன்புத் தம்பி எஸ்டிலுக்கு,

அக்கா ஒலிட்டா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, இங்கே யாரும் சாகவில்லை. நானும் உன் அத்தான் டோர்சியும் ஜூனியும் சுகம். நீ, வாண்டா, மகள் கேரிக்குட்டி மூவரும் சுகம்தானே? ஒஹாயோவில் வெயில் எப்படி?

போன மாதப் புயலில் தொலைபேசிக் கம்பி விழுந்துவிட்டது. ரிப்பேர்காரன் வருகிறேன் வருகிறேன் என்கிறான். இந்த மலை இடுக்கில் கைபேசி என்பது காதில் வைத்துக்கொள்ளும் கட்டி மட்டும்தான். அதனால் கடிதம். எனக்கும் கையெழுத்து மறந்துபோகாமல் இருக்கும்.

பள்ளி திறந்ததுமே தலைமையாசிரியர் சைஸ்மோர் என் அலுவலக மேசைமேல் ஒரு கட்டுத் தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு விண்ணப்பங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு வாஷிங்டனிலிருந்து தனிப்பணம் வருவது உனக்குத் தெரியும். யார் ஏழை என்று அவர்கள் வந்து அடுப்பைத் திறந்தா பார்க்கிறார்கள்? இலவசச் சாப்பாட்டுக்கோ குறைந்த விலைச் சாப்பாட்டுக்கோ எத்தனை வீடு எழுதிக் கொடுக்கிறது என்று எண்ணுகிறார்கள். நூற்றுக்கு நாற்பது பிள்ளைகள் அந்தக் கணக்கில் வந்தால், பணத்தைப் பள்ளி முழுவதற்கும் செலவழிக்கலாம். குறைந்தால், பின்தங்கிய பிள்ளைகளைப் பேர்பேராகப் பொறுக்கித் தனியே கூட்டிப்போய்த்தான் சொல்லித்தர வேண்டும்.

நம் பள்ளி நாற்பதைத் தொட்டதே இல்லை. சிரிக்காதே. இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டில் வருமானம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் விண்ணப்பம் வந்தால்தானே கணக்கு? ஒருவரும் எழுதுவதில்லை. எழுதினால் பிச்சை கேட்டதாகிவிடுமாம்.

ஆகவே வாசிப்பு சொல்லித்தரும் ஃபெல்ட்னர் டீச்சர் வாரத்தில் இரண்டு அரைநாள்தான் வருகிறாள். பொறுக்கிய பிள்ளைகளைக் கொதிகலன் அறைப் பக்கத்தில் உட்கார வைக்கிறாள். மற்ற பிள்ளைகள் அவர்களைக் ‘கொதிகலன் கூட்டம்’ என்கிறார்கள். இந்த வருடம் ஜூனியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அவளுக்கு எழுத்துகள் இன்னும் கூடவில்லை. டீச்சர் வந்து பேரைக் கூப்பிட்டால் கழிவறையில் ஒளிந்துகொள்கிறாள். டீச்சர் முழுநாளும் வகுப்புக்குள்ளேயே வந்து எல்லோருக்கும் சொல்லித்தந்தால் என் பெண் ஏன் ஒளியப் போகிறாள்? இந்த வருடம் நாற்பதைத் தொட்டே தீருவேன். அக்டோபர் கடைசிவரைக்கும் நேரம் இருக்கிறது.

இதோடு ஒரு ஜாடி ஆப்பிள் பட்டர் அனுப்பியிருக்கிறேன், ஆப்பிளை நாள்முழுக்க அடுப்பில் கிளறிக் கூழாக்கியது. ஜாடி எனக்குத் திரும்ப வேண்டும்.

எல்லோருக்கும் முத்தங்களுடன்,
உன் அக்கா ஒலிட்டா


டேடன், ஒஹாயோ
செப்டம்பர் 4

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். வாண்டா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஆப்பிள் பட்டர் மூன்றாம் நாளே தீர்ந்தது. கேரி ஜாடிக்குள் தலையை விட்டு நக்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஜாடியை அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் நம் அம்மா கல்லறையிலிருந்து எழுந்துவந்து என் காதைத் திருகுவாள். உள்ளே போட நல்லதாக ஒன்று கிடைக்கட்டும்.

உன் விண்ணப்பக் கதையைப் படித்துச் சிரிக்காதே என்றாய், சிரித்துவிட்டேன். நீயா வீடு வீடாகப் போய் இலவசச் சாப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறாய்? அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “ஸ்டிட்ஹாம் வீட்டுல யாரும் அரசாங்கத்து அவரைய தின்னதில்ல. இனியும் தின்ன மாட்டாங்க.” மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே, உப்புக் குப்பி குதிக்குமே, நினைவிருக்கிறதா? அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருமே நம் அப்பாவின் அச்சுதான். உன் பாடு திண்டாட்டம்.

இரண்டு தடவை உன்னை அழைத்துப் பார்த்தேன். ‘இந்த எண் பயன்பாட்டில் இல்லை’ என்று ஒருத்தி சொல்கிறாள். கம்பி விழுந்தால் அப்படியா சொல்வார்கள்?

அன்புடன்,
எஸ்டில்


லாரல் ஃபோர்க்
செப்டம்பர் 17

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்தது. சுகம்தான் எல்லோரும். தொலைபேசிக்காரி என்ன சொல்வாள் என்று எனக்கெப்படித் தெரியும், நானா அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்?

டோர்சி கூரைத் தகரம் முழுவதையும் மாற்றிவிட்டார். உருளைக்கிழங்கு தோண்டி, கொட்டகைக்கு வர்ணமும் அடித்தாயிற்று. தோட்டம் இப்படி விளைந்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று ஹெஸ்டர் நோபிள் வீட்டுக்குப் போனேன். தேவாலயச் சமையலுக்கெல்லாம் அவள்தான் தலைமை என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் நம் பள்ளியில். அவள் எழுதிவிட்டால் பாதிப் பள்ளத்தாக்கு பின்னால் வரும். தாளை நீட்டினேன். தொடவில்லை.

“எங்க வீட்டுப் பிள்ளைங்க பட்டினி கிடக்குதுன்னு உனக்கு யாருடி சொன்னது?”

“யாரும் சொல்லல ஹெஸ்டர். இது சாப்பாட்டுக்கு இல்ல, பள்ளிக்கூடத்துக்கு. நீ எழுதினா வாசிப்பு டீச்சர் தினமும் வருவா.”

“டீச்சர் வரணும்னா டீச்சர் வேணும்னு கேளு. எங்கிட்ட என்ன வருமானம்னு ஏன் கேக்குற? இதுல பாரு, வீட்டுல எத்தன தல, எவ்வளவு வருதுன்னு எழுதணுமாம். என் புருஷனுக்கே நான் அதைச் சொன்னதில்ல.”

“யாருக்கும் தெரியாது. வெளிய சொன்னா என் வேலை போயிடும்.”

“எனக்குத் தெரியுமே, அது போதாதா?” என்றாள். பிறகு ஒரு பை நிறையக் காய்ந்த அவரையை என் கையில் திணித்து அனுப்பினாள். அவளுக்கு அடுத்தவருக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத்தான் தெரியாது. அவளைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு அவள்மேல் கோபமா பெருமையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவின் அவரைப் பேச்சை நினைவுபடுத்தினாய். நினைவிருக்கிறது. ரொம்ப நன்றாகவே நினைவிருக்கிறது.

ஜூனி நேற்றும் ஒளிந்தாள்.

ஜாடியை மறக்காதே.
ஒலிட்டா


டேடன்
செப்டம்பர் 28

அக்காவுக்கு வணக்கமும் முத்தமும்,

சுகம். புதன்கிழமை கேரிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

அத்தானைப் பற்றிப் படித்து எனக்குத் தலை சுற்றுகிறது. சுரங்கத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிற மனிதருக்குக் கூரை, கிழங்கு, வர்ணம் எல்லாவற்றுக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது? எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லச் சொல்.

வெளியூர் போனவர்களெல்லாம் ஊர்த் தேவாலயத்தில் கூடிச் சாப்பிடும் வீடு திரும்பும் ஞாயிறுக்கு இந்த வருடம் வர முடியாது, வேலை நெருக்கடி. தேவாலயத்து மரத்தடி மேசைகளை நினைத்தால் வாயூறுகிறது. ஹெஸ்டரின் கோழிக்குழம்பை எனக்கும் சேர்த்துச் சாப்பிடு. அவள் உன் தாளை வேண்டுமானால் தொடமாட்டாள், ஆனால் அன்றைக்குக் கையில் மூடி போட்ட பாத்திரம் இல்லாமல் அந்த மேசைக்கு வந்திருக்கிறாளா? காய்ச்சலில் கிடந்த வருடம்கூடப் பையன்களிடம் கொடுத்தனுப்பினாள்.

அன்புடன்,
எஸ்டில்

பின்குறிப்பு: ஜாடி பத்திரம்.


லாரல் ஃபோர்க்
அக்டோபர் 5

என் கெட்டிக்காரத் தம்பிக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. நீ கிண்டலாக எழுதினாய், எனக்கு வழி பிறந்துவிட்டது.

இவர்களிடம் போய் ‘வாங்கிக்கொள்’ என்று நீட்டியதுதான் என் முட்டாள்தனம். ‘கொண்டு வா’ என்றால் இந்த ஊரில் யார் வராமல் இருப்பார்கள்? மரத்தடி மேசையில் எல்லோரும் கொண்டுவந்து வைக்கிறோம், எல்லோரும் சாப்பிடுகிறோம். எந்தப் பாத்திரம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. ஒருவரும் யாருக்கும் கடன்படுவதில்லை. பள்ளியும் அப்படித்தானே? ஒரு வீட்டிலிருந்து ஒரு தாள், அதன் பலன் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

ஞாயிறன்று மேசைக் கோடியில் அம்மாவின் பெரிய எனாமல் சட்டியை மூடி போட்டு வைக்கப்போகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே மாதிரி உறை கொடுத்தாயிற்று. ஒட்டி, சட்டியில் போட வேண்டும். எழுதத் தேவையில்லாதவர்களும் வெறும் தாளை வைத்து ஒட்டிப் போட வேண்டும். கடைக்காரர் கர்ட்டிஸ் காம்ப்ஸிடம் சொன்னேன். “எனக்கென்னம்மா, பத்து உறை வேணும்னாலும் போடுறேன்” என்றார். “உங்களுக்குப் பத்துப் பிள்ளைங்க இல்லையே” என்றேன். உறைகளை மாவட்ட அலுவலகத்தில்தான் பிரிப்பார்கள். யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று ஊருக்குத் தெரியாது.

நீ புதன்கிழமையா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாய்? தொழிற்சாலைக்கு அன்றைக்கு என்ன விடுமுறை?

அவசரத்தில்,
அக்கா


லாரல் ஃபோர்க்
அக்டோபர் 11

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உட்கார்ந்து படி, இது நீளமான கடிதம்.

நேற்று ஜெபம் முடிந்தது. மேசைகளில் இடமில்லாத அளவு சாப்பாடு. கோடியில் என் சட்டி. எல்லோரும் தட்டை நிரப்பிக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கர்ட்டிஸ் உறையைக் கையில் எடுத்தார், சுற்றிப் பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். சிலர் சட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது ஹெஸ்டர் வந்தாள். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். டங்கென்று மூடினாள்.

“ஏண்டி ஒலிட்டா, சாப்பாட்டு மேசையில யாராவது வெறும் சட்டியைக் கொண்டாந்து வைப்பாங்களா? உங்கம்மா உன்னை இப்படியா வளர்த்தா?”

“அது உறை போடறதுக்கு, ஹெஸ்டர்.”

“கண்ணு தெரியுது எனக்கு. ஊரைக் கூப்பிட்டவ மொதல்ல தன்னோடதைப் போட வேணாமா? உன் உறை எங்க?”

“நான் பள்ளிக்கூடத்து ஆளு...”

“ஜூனி யாரு, ஆட்டுக்குட்டியா? இந்த ஊர்ல எல்லா வீட்டுப் படியும் ஏறினியே, உன் வீட்டுப் படி மட்டும் தெரியலையா? சுரங்கம் மூடி நாலு மாசமாச்சு. டோர்சி பட்டப்பகல்ல கூரைமேல சுத்தியல் அடிக்கிறது என் சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கல. கேக்க மாட்டோம். ஆனா வெறும் சட்டியை வச்சா கேப்பேன்.”

இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது, தம்பி. கம்பி விழவில்லை. பணம் கட்டவில்லை, இணைப்பை வெட்டிவிட்டார்கள். உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆகஸ்டில் எழுத உட்கார்ந்தபோது ‘புயல்’ என்று கை தானாகவே எழுதியது. அதன்பிறகு நீ அப்பாவின் அவரையைப் பற்றி எழுதினாய், வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள்கூட ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் ஜூனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பேரைக் கூப்பிட்டால் ஒளிகிறாளே என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா? அவள் அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று அந்த இடத்தில் எனக்கு உறைத்தது.

பென்சில் கேட்டேன். கர்ட்டிஸ் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடுக்கு கேக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் தாளை விரித்து எழுதினேன். என் சம்பளம், எத்தனை தலை. டோர்சியின் வருமானம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். பூஜ்யம் போடுவது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. டோர்சி வந்து என் தோள்மேல் கை வைத்தார். “போடு ஒலிட்டா. அது என் நம்பர்தான், உன்னுது இல்ல” என்றார். போட்டேன். உறையில் வைக்கவில்லை. திறந்த தாளாகவே சட்டிக்குள் போட்டேன்.

“ஆங்,” என்றாள் ஹெஸ்டர். “இப்பத்தான் இது சட்டி.”

பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் ஏப்ரன் பையிலிருந்து உறையை எடுத்தாள். ஒட்டின உறை. வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள், அந்தக் கிராதகி! நான் முதலில் போடுவதற்காகத்தான் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கர்ட்டிஸ், அவருக்குப் பின்னால் எல்லோரும் வரிசையில் வந்தார்கள். கடைசியில் மூடி மூடவில்லை, மேலே ஒரு செங்கல் வைத்தோம்.

இந்த ஊரை நினைத்து எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை, எஸ்டில். என்னை நினைத்தும்தான். அப்பா இருந்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பார். தட்டட்டும். அவர் பேத்தி படிக்க வேண்டும்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அக்கா ஒலிட்டா


லாரல் ஃபோர்க்
நவம்பர் 20

தம்பி எஸ்டிலுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, ஏனென்றால் நீ எழுதவில்லை.

தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். என் கடிதம் வந்ததா? வந்து, படித்து, வெட்கப்படுகிறாயா? வெட்கமாக இருந்தால் அதையாவது எழுது. திட்டித் தொலை. ஸ்டிட்ஹாம் பேரைக் கெடுத்துவிட்டாள் என்று திட்டு. நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டி மனம் ஆறுவேன். இப்படி வாயை மூடிக்கொண்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

டோர்சிக்கு வாரத்தில் சில நாட்கள் சாலை வேலை கிடைத்திருக்கிறது. ஜூனி இலவசச் சாப்பாடு சாப்பிடுகிறாள். தட்டில் யார் பேரும் எழுதியிருப்பதில்லை.

வாண்டாவுக்கும் கேரிக்கும் என் அன்பு. உனக்கும், வேறென்ன செய்வது?

அக்கா


டேடன்
டிசம்பர் 19

அக்கா, அத்தான், ஜூனி,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். கடிதம் வந்தது. வெட்கப்படவில்லை.

ஜாடி இன்னும் இங்கேதான் இருக்கிறது.

எஸ்டில்


லாரல் ஃபோர்க்
மார்ச் 14, 2005

இரண்டு வரித் தம்பிக்கு,

சுகமா என்று கேட்டால் சுகம் என்பாய், அதனால் கேட்கவில்லை.

நாற்பதைத் தாண்டிவிட்டோம்! அதுவும் நூலிழையில் இல்லை, நன்றாகவே தாண்டினோம். மாவட்ட அலுவலகத்திலிருந்து சைஸ்மோருக்குக் கடிதம் வந்தது. மனிதர் என் மேசைக்கு வந்து கைகுலுக்கினார், மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். வருகிற ஆகஸ்டிலிருந்து ஃபெல்ட்னர் டீச்சர் முழுநாளும் எங்கள் பள்ளிக்குத்தான். எல்லா வகுப்புக்கும் உள்ளேயே வருவாள். யாரையும் பேர் சொல்லி வெளியே கூப்பிட மாட்டாள். கொதிகலன் பக்கத்து அறைக்குத் துடைப்பங்கள் குடிபோகின்றன.

ஜூனி இப்போதே ஒளிவதை விட்டுவிட்டாள். போன வாரம் டீச்சர் வந்து கூப்பிட்டபோது அவளே எழுந்து முன்னால் நடந்தாளாம். ‘கொதிகலன் கூட்டம்’ என்று ஒரு பையன் முணுமுணுத்தானாம். இவள் திரும்பி, “ஆமா, அங்க கதகதப்பா இருக்கு, நீயும் வர்றியா?” என்று கேட்டாளாம். என் பெண்!

ஹெஸ்டரிடம் சொன்னேன். “நாப்பது என்ன பெரிய நாப்பது, என் வீட்டுலயே ஆறு” என்றாள். பெருமையாக. அவள் வாயாலேயே சொல்லிவிட்டதால்தான் எழுதுகிறேன், மற்ற எந்த வீட்டைப் பற்றியும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

தம்பி, ஒன்று கேட்கிறேன். ஜாடிக்குள் போட ஏதாவது கிடைக்க இத்தனை மாதமா? வெறுமனே என்றாலும் அனுப்பு. அம்மாவிடம் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


டேடன்
ஏப்ரல் 9

என் அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதப்போவதில்லை. சுமார். வாண்டாவும் கேரியும் சுகம், அது நிஜம்.

சைக்கிள் கற்றுக்கொடுத்த புதன்கிழமையைக் கண்டுபிடித்துவிட்டாய், பிறகு கேட்காமல் விட்டாய். போன கோடையிலிருந்தே தொழிற்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. அக்டோபரில் அதுவும் நின்றது. ஜாடியில் போட எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை, அக்கா. அதனால்தான் அது அலமாரியிலேயே இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்தேன்.

கேரியின் பள்ளியிலிருந்தும் அந்தத் தாள் வந்திருந்தது. ஆகஸ்டிலேயே. வாண்டா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள், நான் கிழித்தேன். இன்னொன்று வாங்கி வந்து ஒட்டினாள், அதையும் கிழித்தேன். அந்தக் கையோடுதான் உனக்கு அவரைப் பேச்சு எழுதினேன். கேரி வெறும் ரொட்டியைக் காகிதப் பையில் கொண்டுபோய், பையைத் திறக்காமலே உள்ளே கைவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். உள்ளே என்ன என்று யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. இது எனக்கு அப்போது தெரியாது.

உன் பெரிய கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன். அத்தான் ‘அது என் நம்பர்’ என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. வாண்டா எழுந்து போனாள். மூன்றாவது தாளை எடுத்துவந்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. கிறிஸ்துமஸ் வந்து போனது. உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம், நான் போடாத பூஜ்யம் நினைவுக்கு வந்தது. அதைப் போடாமல் உனக்கு என்ன எழுதுவது?

பிப்ரவரியில் போட்டேன். வாண்டா கேட்கவில்லை, நானே பென்சில் தேடினேன். நீ சொன்னது சரி, போடுவது கஷ்டம்தான். ஆனால் போட்டபிறகு நான் ஒன்றும் செத்துப்போகவில்லை.

கேரிக்கு இப்போது பள்ளியில் சாப்பாடு. அரசாங்கத்து அவரை நன்றாகவே இருக்கிறதாம், தாத்தா தின்னாமல் விட்டது தப்பு என்கிறாள். மற்ற பிள்ளைகள் கடிக்காமல் விடும் ஆப்பிள்களை ஒரு மேசையில் வைக்கிறார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இவள் தினமும் ஒன்று எடுத்துப் பைக்குள் போட்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். “ஒலிட்டா அத்தையோட ஜாடிக்கு” என்றாள்.

போன சனிக்கிழமை வாண்டா ஆப்பிளை அரிந்து அடுப்பில் ஏற்றினாள், நான் துடுப்பால் கிளறினேன், கேரி ருசி பார்த்தே கால்வாசியைக் காலி செய்தாள். மீதி ஜாடி கழுத்துவரை வந்தது.

அனுப்பியிருக்கிறேன். மூடியை ஜூனி திறக்கட்டும். மேலே ஒட்டியிருப்பது கேரியின் கையெழுத்து, ஜூனியையே படிக்கச் சொல், மெதுவாகப் படிக்கட்டும், அவசரமில்லை. ‘அரசாங்கத்து ஆப்பிள், ஸ்டிட்ஹாம் வீட்டுத் தயாரிப்பு’ என்று எழுதியிருக்கிறாள்.

ஜாடியை வெறுமனே திருப்பி அனுப்பாதே.

உன் தம்பி,
எஸ்டில்